இதயத்தை ஒரு கணம் நிறுத்தும் பெட்டி

சினிமாவில் மருத்துவமனைக் காட்சி என்றால் இது தப்பாமல் வரும். திரையில் நேர்க்கோடு ஓடும். மருத்துவர் இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று தேய்த்து மார்பில் வைப்பார். உடல் தூக்கிப்போடும், கோடு மறுபடி துள்ளத் தொடங்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேர்க்கோடாகிவிட்ட இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பயனில்லை. டிஃபிப்ரிலேட்டர் எனப்படும் அந்த மின்னதிர்ச்சிக் கருவியின் வேலையே வேறு: தறிகெட்டு ஓடும் இதயத்தை ஒரு கணம் நிறுத்துவது.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. நாம் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அது மின்துடிப்பை எழுப்புகிறது. அந்த அலை கீழறைகளுக்குப் பரவ, தசை முழுவதும் ஒருசேரச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது. தேர்வடம் பிடிப்பதுபோலத்தான், எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால் தேர் நகரும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வடம் நெளியுமே தவிர தேர் அசையாது. திடீர் இதய நிறுத்தம் பல வேளைகளில் இப்படித்தான் தொடங்குகிறது. கீழறைத் தசை நடுங்கி நெளிகிறது, ரத்தம் வெளியேறுவதில்லை. சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். சில நிமிடங்களில் மூளை பழுதாகத் தொடங்கும்.

இதையும் மாரடைப்பையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுகிறது. நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், ஆனால் பெரும்பாலும் அவர் நம்மோடு பேசிக்கொண்டிருப்பார். அதன் தொடர்ச்சியாக இதயம் நின்றுபோகலாம். அடைப்பே இல்லாதவருக்கும் நிற்கலாம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்கு வயது 29. மைதானத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். அடுத்த ஆண்டே அவர் மறுபடி பந்தாடினார்.

அதிர்ச்சி என்ன செய்கிறது? பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி, பேட்டரியிலிருந்து ஆற்றலைச் சேர்த்துவைத்து, ஏறத்தாழ 150 முதல் 200 ஜூல் (ஆற்றலின் அலகு) அளவுக்கு, சில மில்லிவிநாடிகளில் மார்பின் வழியே பாய்ச்சுகிறது. தாறுமாறாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்னலைகள் அத்தனையும் அந்த ஒரே நொடியில் அடங்குகின்றன. அந்த அமைதியில் சைனஸ் கணு மறுபடி தன் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அடக்க வேண்டிய குழப்பமே இல்லாத நேர்க்கோட்டில் இந்த வித்தை பலிக்காததும் இதனால்தான்.

இந்த இயந்திரத்தை மருத்துவமனைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தவர் பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையின் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியாகி, மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே சயாம் மரண ரயில்பாதையில் வாடி, பெரிபெரி நோயோடு உயிர் தப்பியவர். இதய நோயாளிகள் பலர் மருத்துவமனையை எட்டும் முன்பே இறப்பதைக் கண்டு, 1965இல் கார் பேட்டரிகளில் இயங்கும் டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றினார். அதன் எடை சுமார் 70 கிலோ. 1968க்குள் அதை 3 கிலோ அளவுக்குக் குறைத்துவிட்டார்கள்.

இன்று விமான நிலையங்களிலும் சில ரயில் நிலையங்களிலும் சுவரில் தொங்கும் ஏ.இ.டி. (தானியங்கி டிஃபிப்ரிலேட்டர்) பெட்டி அதன் வாரிசு. மூடியைத் திறந்தால் (சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால்) பேசத் தொடங்கும். இரண்டு ஒட்டுத்தகடுகள் இருக்கும். ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குச் சற்றுக் கீழே விலாப்பக்கத்தில். எங்கே ஒட்ட வேண்டும் என்று தகட்டிலேயே படம் போட்டிருக்கும். மார்பு ஈரமாக இருந்தால் துடைக்க வேண்டும். சட்டையோ ரவிக்கையோ, விலக்கியோ கத்தரித்தோ தோலின்மேல்தான் ஒட்ட வேண்டும். பெண் என்பதால் கூட்டம் தயங்கி நிற்கும் கூச்சம் உயிரை வாங்கும் கூச்சம். தாலிச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம், தகட்டின் மேல் படாமல் ஒதுக்கினால் போதும்.

பிறகு பெட்டி "யாரும் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு இதயத்தின் மின்வரைவைப் படிக்கும். அதிர்ச்சிக்கு ஏற்ற தாளம் என்றால் மட்டுமே மின்னேற்றம் நடக்கும். இல்லையென்றால் நாம் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் பாயாது. வெறும் மயக்கத்தில் விழுந்தவருக்குத் தவறாக ஷாக் கொடுத்துவிடுவோமோ என்ற அச்சம்தான் பலர் கையைக் கட்டிப்போடுகிறது. அந்த முடிவை நம்மிடம் விடாமல்தான் இதை வடிவமைத்திருக்கிறார்கள்.

லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்கு இதைப் பழக்கினார்கள். எங்கும் கேமரா இருப்பதால் ஒருவர் விழுந்த நேரம் துல்லியமாகத் தெரியும். 2000இல் வெளியான ஆய்வின்படி, கீழறை நடுக்கத்தோடு விழுந்தவர்களில் 3 நிமிடத்துக்குள் அதிர்ச்சி பெற்றவர்கள் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். 3 நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். மருத்துவர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஷாக் கொடுத்தது காவலாளிதான்.

பெட்டி வரும்வரை கை சும்மா இருக்கக் கூடாது. விழுந்தவர் தட்டியும் அழைத்தும் அசையவில்லை, மூச்சு இல்லை என்றால் 108க்குச் சொல்லிவிட்டு மார்பின் நடுவே அழுத்தத் தொடங்க வேண்டும்: 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. இதயம் நின்ற பிறகும் சிலர் விட்டுவிட்டு, குறட்டைபோல வாயைப் பிளந்து மூச்சு வாங்குவார்கள். "மூச்சு இருக்கிறதே" என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். அதை மூச்சாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதிர்ச்சி பாய்ந்ததும் மீண்டும் அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டி தானே நிறுத்தச் சொல்லிச் சோதிக்கும். அவர் கண் விழித்தாலும் தகடுகளைப் பிய்க்க வேண்டாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இதயம் மறுபடி தாளம் தவறக்கூடும்.