லேட்டன்சி: மறைவா, தாமதமா, சுணக்கமா?

இணையத்தில் சேர்ந்து வாசிக்கிறவர்கள் பாட்டைப் பற்றிப் பேசுவதைவிட லேட்டன்சியைப் பற்றிப் பேசுவதே அதிகம். ஒருவர் வாசித்த ஒலி மற்றவர் காதுக்குப் போய்ச் சேர ஆகும் நேரம்தான் அது. மில்லிநொடியில் அளப்பார்கள்.

'லேட்டா வருது' என்கிறோமே, அந்த லேட்டுக்கும் இதற்கும் உறவு இல்லை. லத்தீனில் 'லாத்தேரே' என்றால் மறைந்திருத்தல். பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் நினைவிருக்கிறதா? பனிக்கட்டி உருகும்போது வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெப்பமானி மட்டும் அசையாது. இலங்கைப் பாடநூல்கள் அதை மறைவெப்பம் என்கின்றன. அந்த 'உள்ளுறை', 'மறை' எல்லாம் இதே லத்தீன் வேரின் பொருளைத் தமிழில் சொல்பவைதான். 19ஆம் நூற்றாண்டு உடலியலார், தசையைத் தூண்டியதற்கும் அது சுருங்குவதற்கும் நடுவே வெளியில் எதுவும் தெரியாத சிறு இடைவெளிக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு மறைவு பின்னால் போய், காத்திருப்பு முன்னால் வந்தது. கணினிக்காரர்களுக்குக் கிடைத்தது அந்தப் பொருள்தான்.

சரி, இசைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? நானும் மிருதங்க நண்பர் ஒருவரும் முதலில் சாதாரண வீடியோ அழைப்பில் வாசித்துப் பார்த்தோம். பல்லவி முடிவதற்குள் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், பாதியாகிவிட்டது. "ஏன்டா இழுக்கறே?" என்றார். நான் இழுக்கவில்லை. அவர் அடிக்காக நான் காத்திருந்தேன், என் வயலின் வில்லுக்காக அவர் காத்திருந்தார். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃப் குழுவினர் இரண்டிரண்டு பேரைக் கைதட்ட வைத்துச் சோதித்தபோதும் இதுதான் நடந்தது: இடைவெளி கூடக் கூட வேகம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், இடைவெளி மிகக் குறைவாக இருந்தபோது வேகம் ஏறியது.

காற்றில் ஒலி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 34 செ.மீ. போகும். மேடையில் மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே 10 மில்லிநொடி ஆகிவிடுகிறது, யாருக்கும் உறைப்பதில்லை. 25, 30 வரை பெரும்பாலோருக்குத் தாளம் நிற்கும். வோல்கர் ஃபிஷர் 2006இல் தொடங்கிய ஜாமுலஸ் இந்த எல்லைக்குள் நிற்கப் பாடுபடும் கட்டற்ற மென்பொருள். அதன் முதல் பெயரான 'எல்எல்கான்' என்பதே 'குறைந்த லேட்டன்சி இணைப்பு' என்பதன் சுருக்கம்தான். நின்ஜாம் என்ற மென்பொருள் வேறு வழி பிடித்தது. இடைவெளியைக் குறைக்கப் போராடாமல், மற்றவர்கள் வாசித்ததை ஒரு தாளச் சுற்று முழுக்கத் தள்ளி, அடுத்த சமத்தில், அதாவது அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில், சேர்த்துவிடும். அதாவது என் காதில் விழுவது நண்பரின் போன ஆவர்த்தனம். ஒரே கோர்வையைத் திருப்பித் திருப்பி வாசிக்க இது போதும். கேள்வி பதிலாகத் தனி ஆவர்த்தனம் வாசிக்க உதவாது.

இனி தமிழ்ச் சொல். மறைநிலை, உள்ளுறைநிலை என்பவை வேரைப் பார்த்து ஆக்கியவை. மறைநிலை என்றால் இன்று உலாவியில் தடம் விடாமல் உலவும் சாளரம்தான் நினைவுக்கு வரும். தாமதம் புரியும், ஆனால் ரயிலுக்கும் சம்பளத்துக்கும் அதுவேதான். தள்ளி வருவது என்று சொல்லவும் முடியாது. அரை இடம் தள்ளி எடுப்பு, அதாவது தாளம் தொடங்கிச் சற்றுக் கழித்துப் பாட்டை எடுப்பது, நாம் வேண்டுமென்றே செய்வது, அதில் அழகு இருக்கிறது.

என் ஓட்டு சுணக்கத்துக்கு. 'வேலை சுணங்கிப் போச்சு' என்றால் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நடுவழியில் மந்தமாகிறது என்றுதான் பொருள். கம்பியில் ஒலிக்கு நேர்வதும் அதுவே. குறைசுணக்க இணைப்பு, சுணக்க அளவு என்று சேர்த்து எழுதவும் வளைந்து கொடுக்கிறது.

நண்பர் பழகிவிட்டார். நேற்று அலாரிப்பு நடுவில் அவரிடமிருந்து ஒரு செய்தி: "சுணக்கம் 40 காட்டுது. வைஃபையை விட்டுட்டு வயரைச் செருகுடா."