ரோபோவின் தோளில் காபி வட்டம்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார்: "சார், பசவனகுடி கடலேகாய் பரிஷேயில் (வேர்க்கடலைத் திருவிழாவில்) 60 ரூபாய்க்கு ஒரு ரோபோ பொம்மை வாங்கினேன். ஒரு கையை வெட்டி, பேனா ரீஃபிலில் பீரங்கி வைத்து, நானும் தம்பியும் விளையாடும் விண்வெளிப் போர் விளையாட்டுக்குத் தயார் செய்தேன். பளபளப்பில்லாத மேட் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் மேட் சாம்பல் வண்ணம் அடித்து, அதன் மேல் தண்ணீரில் நீர்க்க வைத்த கருப்பு வாஷ் விட்டேன். இடுக்குகளில் இறங்கும் என்று பார்த்தால், தோள்பட்டையில் காபி டம்ளர் வைத்த மாதிரி வட்டம் வட்டமாகக் கறை. மூன்று முறை அழித்துவிட்டு அடித்தும் அதே கதிதான். ஏன்?"

கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். காபி டம்ளர் என்று எழுதினாரே, அங்கேயே பாதி விடை வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு அல்சூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையும், ஒரு பொம்மைக் கவச வண்டியும், ஒரு சொட்டு டிகாக்ஷனும் போதும்.

இந்தப் பொழுதுபோக்கு பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் உயரச் சிப்பாய்களும் வண்டிகளும் மேசைமேல் நிற்க, அளவுகோலும் தாயக்கட்டையும் கொண்டு ஆடுகிற போர் விளையாட்டு இது. பரவலாகப் புழங்கும் உருவங்கள் 28 முதல் 32 மி.மீ உயரம் இருக்கும். வெளிநாட்டுப் பெட்டி ஒன்று வாங்கினாலே சில ஆயிரம் ரூபாய் போய்விடும். அதனால் நம் ஊர்ப் பிள்ளைகள் நடைபாதைப் பொம்மைகளை வாங்கி, தலையை மாற்றி, எம்-சீல் பிசைந்து தோள்கவசம் வைத்து, பற்பசை மூடியைக் கண்காணிப்புக் கோபுரம் ஆக்கிவிடுகிறார்கள். இது குறைந்த வழி இல்லை. 1987-இல் இங்கிலாந்தில் வார்ஹேமர் 40,000 விளையாட்டு வந்த காலத்திலேயே டியோடரன்ட் டப்பாவில் மிதக்கும் டாங்கி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள்.

வாஷ் என்பது நிறமித் துகள் மிதக்கும், தண்ணீராக ஓடும் மெல்லிய வண்ணம். நிஜ டாங்கியில் தகடுகளுக்கு நடுவே நிழல் விழும். பொம்மையில் அந்தப் பள்ளத்தின் ஆழம் கால் மில்லிமீட்டர்கூட இராது. டியூப்லைட் வெளிச்சம் நாலாபக்கமும் பரவி விழுவதால் அதற்குள் நிழல் தங்குவதில்லை. ஆகவே நிழலை நாமே வண்ணத்தால் வைக்கிறோம்.

சரி, வாஷ் ஏன் பள்ளத்துக்குப் போகிறது? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர், "பள்ளம்னா தண்ணி இறங்கத்தானே செய்யும்" என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கவச வண்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மேல்தகட்டின் கோட்டில் தூரிகை நுனியால் ஒரே ஒரு இடத்தைத் தொட்டேன். கருப்பு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது. மூலையில் திரும்பியது. ஒரு ஆணித்தலையைச் சுற்றி வந்து மறுபடியும் கோட்டில் சேர்ந்தது. கீழே ஒரு துளி சொட்டவில்லை. தரையைப் பார்த்துத் திறந்திருக்கும் பள்ளத்துக்குள், மேல்நோக்கி ஏறி நிற்கிறது வாஷ்! அன்று மாலை அதையே ஏழெட்டு முறை செய்து பார்த்தேன்.

இழுத்தது புவியீர்ப்பு அல்ல, பரப்பு இழுவிசை. பள்ளிக்கூடத்தில் நுண்புழைக் குழாயில் தண்ணீர் ஏறியதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான், குழாய்க்குப் பதில் இங்கே ஒரு பக்கம் திறந்த வாய்க்கால். பள்ளத்தில் நிற்கும் திரவத்தின் மேற்பரப்பு உள்நோக்கி வளைகிறது. அந்த வளைவின் ஆரம் சிறுக, திரவத்தை உள்ளே உறிஞ்சும் அழுத்தம் பெருகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். வளைவின் ஆரம் 0.2 மி.மீ என்றால் உறிஞ்சும் அழுத்தம் 360 பாஸ்கல், அதாவது ஏறக்குறைய 37 மி.மீ உயரத் தண்ணீரைத் தாங்கும் பலம். நம் சிப்பாயின் மொத்த உயரமே அவ்வளவு இல்லை! தண்ணீரைப் பொறுத்தவரை எல்லைக்கோடு சுமார் 2.7 மி.மீ. அதைவிடப் பெரிய குட்டைகளில் புவியீர்ப்பின் கை ஓங்கும், அதைவிடச் சிறிய இடுக்குகளில் பரப்பு இழுவிசையின் கை ஓங்கும். பொம்மையின் உலகம் முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திரவம் அந்தப் பரப்பில் ஒட்டச் சம்மதிக்க வேண்டும். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் எந்தப் பள்ளமும் அதை இழுக்காது. துளியின் விளிம்பு பரப்போடு சேருகிற கோணத்தைச் சேர்கோணம் என்று 11-ஆம் வகுப்பில் படித்தோம். 1969-இல் பால் கான்கஸ், ராபர்ட் ஃபின் என்ற இரு கணிதவியலாளர்கள் மூலைகளுக்கு ஓர் அழகான விதியைத் தந்தார்கள். மூலையின் கோணத்தில் பாதியையும் சேர்கோணத்தையும் கூட்டுங்கள். 90 பாகைக்குக் குறைவாக வந்தால், திரவம் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு தானாக ஓடும், கூடுதலாக வந்தால் ஓடாது. செங்கோண மூலை என்றால் சேர்கோணம் 45 பாகைக்குள் இருக்க வேண்டும். பொம்மைப் பிளாஸ்டிக்கின் மேல் வெறும் தண்ணீரின் சேர்கோணமோ 90 பாகையை ஒட்டியே இருக்கும். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசையும் மேலே ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். பொம்மையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவு, பிரைமர் அடி, வாஷில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடு என்று பழகிய கைகள் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. மூன்றுமே சேர்கோணத்தைக் குறைக்கிற வேலைதான். சோப்பினால் பரப்பு இழுவிசையும் பாதிக்குக் கீழே குறையும் என்பது உண்மை. 30 மில்லிநியூட்டன் என்று வைத்தாலும் 15 மி.மீ தண்ணீரைத் தாங்கும் பலம் மிஞ்சுகிறது. கால் மில்லிமீட்டர் பள்ளத்துக்கு அது ஏராளம்.

விதியின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மூலை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நல்லது. மலிவுப் பொம்மைகளில் கோடுகள் மழுங்கி, உருண்டு கிடக்கும். காம்பஸ் முள்ளால் அந்தக் கோடுகளை ஒருமுறை கீறிக் கூராக்குங்கள். 60 பாகை இடுக்கு கிடைத்தால், சேர்கோணம் 60 பாகைக்குள் எவ்வளவு இருந்தாலும் வாஷ் ஓடும். 200 ரூபாய் வாஷ் புட்டி சாதிக்காததைக் காம்பஸ் முள் சாதித்துவிடும்.

இதே விதியை வைத்து விண்வெளியில் காபி குடித்திருக்கிறார்கள். எடையற்ற நிலையில் டம்ளரைச் சாய்த்தால் காபி வாய்க்கு வராது என்பதால் அங்கே பையில் உறிஞ்சுகுழல் வைத்துத்தான் குடிப்பார்கள். 2008-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் டான் பெட்டிட் என்ற விண்வெளி வீரர் ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்து, ஒரு பக்கம் கூரான மூலை வரும்படி ஒரு குவளை செய்தார். காபி அந்த மூலையைப் பிடித்து ஏறி உதட்டுக்கு வந்து நின்றது. விண்வெளிப் போர் விளையாடும் பிள்ளைகள் தங்கள் டாங்கியின் கோட்டில் வாஷ் ஓடுவதைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

எனக்கு வேறொரு நாளும் ஞாபகம் வரும். 1995 செப்டம்பர் 21. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே திரண்ட நாள். என் அம்மாவும் டம்ளரில் பால் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். டெல்லியில் அறிவியல் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து நீட்டிக் காட்டினார்கள். கரண்டி விளிம்பில் புடைத்து நின்ற பால் கல்லைத் தொட்டதும், பரப்பு இழுவிசையால் வெளியே இழுபட்டு, சிலையின் மேல் மெல்லிய படலமாகக் கீழே வழிந்தது சாயத்தால் தெரிந்தது. அம்மாவின் பக்தியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மறுநாள் எங்கள் வகுப்பில் எந்த ஆசிரியரும் ஒரு கரண்டியும் ஒரு கருங்கல்லும் கொண்டுவந்து வைத்து அதைச் செய்து காட்டவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. நாடே ஓர் இயற்பியல் சோதனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. எங்கள் வகுப்பில் அது சோதனை என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது.

இனி மாணவியின் வட்டத்துக்கு வருவோம். எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு டிகாக்ஷன் விட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். காய்ந்த பிறகு நடுப்பகுதி வெளிறி, விளிம்பில் மட்டும் அடர்ந்த பழுப்புக் கோடு இருக்கும். துளி முழுவதும் ஒரே நிறமாகத்தானே இருந்தது? நடுவில் இருந்த காபி எங்கே போயிற்று?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் சக ஆய்வாளர்களும் 1997-இல் நேச்சர் இதழில் இதற்கு விடை எழுதினார்கள். துளியின் விளிம்பு பரப்பிலுள்ள நுண்ணிய சொரசொரப்பில் மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் குறையும்போது துளி சுருங்கி உள்ளே வர வேண்டும், ஆனால் மாட்டிய விளிம்பு நகராது. அதே சமயம் விளிம்பில்தான் ஆவியாதலும் அதிகம், ஏனென்றால் அங்கிருந்து கிளம்பும் நீராவிக்கு விலகிப் போகத் திறந்த வெளி மிகுதி. ஆவியாகிற தண்ணீரை ஈடுகட்ட, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உள்ளுக்குள்ளேயே ஓர் ஓட்டம் கிளம்புகிறது. வெளியிலிருந்து பார்த்தால் துளி அசையாமல் கிடக்கும். உள்ளே துகள்கள் வரிசை வரிசையாகக் கரைக்குப் போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் காற்றோடு போய்விடும், நிறமி கரையில் குவியும். மலிவான நுண்ணோக்கி ஒன்றின் அடியில் பாலில் தண்ணீர் கலந்து ஒரு துளி வைத்துப் பாருங்கள். கடைசி நிமிடத்தில் துகள்கள் விளிம்பை நோக்கி விரைகிற காட்சியை ஒருமுறை பார்த்தவர் காய்கிற எதையும் அதன்பின் சும்மா பார்க்க மாட்டார்.

2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று இதில் இன்னும் ஒரு படி போனது. உருண்டையான பாலிஸ்டைரீன் துகள்களை இழுத்து நீட்டி நீள்வட்டமாக்கினார்கள். அவ்வளவுதான் மாற்றம். வட்டம் காணாமல் போய், கறை சீராகப் பரவியது. நீண்ட துகள் நீரின் மேற்பரப்பை அடைந்ததும் அந்தப் பரப்பைக் கோணலாக்குகிறது. கோணல்கள் ஒன்றையொன்று ஈர்க்க, துகள்கள் கைகோத்து வலைபோல் நின்றுவிடுகின்றன, கரைக்குப் போவதில்லை. வடிவம் மாறியதால் விதியே மாறியது!

காபிக் கறையை ஆராய்வதற்கெல்லாம் காசு கொடுப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்க்ஜெட் அச்சிலும் மரபணுச் சோதனைச் சில்லுகளிலும் துளி சீராகக் காயாவிட்டால் வேலை கெடும். அங்கே இந்த ஆய்வுதான் கைகொடுக்கிறது. ஆனால் அந்தப் பயனைக் காட்டித்தான் காசு கேட்க வேண்டும் என்றால், டீகன் குழுவின் கேள்வி பிறந்தே இருக்காது. நம் சதாசிவநகரில் சி.வி. ராமன் 1948-இல் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில் கூழ்மங்களையும் களிமண் கலவைகளையும் இன்றும் ஆராய்கிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை மாதாமாதம் தவறாமல் வர வேண்டும். மாணவர்கள் அதற்காகக் காத்துக்கிடப்பதைப் பார்க்க மனம் வலிக்கிறது.

மாணவியின் தோள்பட்டைக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது? மூன்று முறையும் அவர் மேட் பிரைமர் மேல் மேட் வண்ணம் அடித்து, அதன் மேலேயே வாஷ் விட்டிருக்கிறார். மேட் பரப்பு என்றாலே நுண்ணிய சொரசொரப்பு. விளிம்பு மாட்டிக்கொள்ள அதைவிட வாகான இடம் கிடையாது. வாஷை வெறும் தண்ணீரில் நீர்க்க வைத்ததும் கெடுதல். பசைத்தன்மை போய், உள்ளோட்டம் தடையில்லாமல் நடக்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து ஒரு நாள் முழுதாகக் காய விடுங்கள். வழவழப்பில் விளிம்பு மாட்டாது, துளி சுருங்கச் சுருங்க வழுக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் போய்விடும். நீர்க்க வைக்கத் தண்ணீருக்குப் பதில் அக்ரிலிக் மீடியம் (நிறமி கலக்காத வண்ணப்பசை) சேருங்கள். முழுத் தோளையும் நனைக்காமல், கோட்டில் மட்டும் தூரிகை நுனியால் தொடுங்கள். சமதளத்தில் குட்டை தேங்கினால் ஈரத் தூரிகையால் உடனே தொட்டெடுங்கள். மார்ச் மாதப் பெங்களூரு மதியத்தில், மின்விசிறிக்கு அடியில், அதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. காலையில் செய்யுங்கள். எல்லாம் முடிந்த பிறகு மேட் வார்னிஷ் அடித்துப் பளபளப்பை அடக்கிவிடலாம்.

ஒன்று மட்டும், நான்காவது முறையாக எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஆணிகளைச் சுற்றிப் பாருங்கள், பழைய லாரியின் பின்கதவைப் பாருங்கள். மழைநீர் தேங்கிக் காய்ந்த இடத்திலெல்லாம் துருவும் தூசியும் விளிம்பில் குவிந்து இதே வட்டம் இருக்கும். ரோபோவின் ஒரு தோளை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கருப்பு வட்டத்துக்குள் துருப் பழுப்பு நிறத்தில் இன்னொரு சின்னத் துளி வைத்துக் காய விடுங்கள். பல மழை பார்த்த இரும்பாக அது நிற்கும். காய்ந்த பிறகு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.