வீல் பேரிங்: சுமை போகும் வழி

மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் காருக்குள் மெல்லிய முனகல் தொடங்கி, வேகம் கூடக் கூட வலுத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிய பிறகும் அடங்காமல் இருந்தால், நம் சந்தேகம் என்ஜினை விட்டுச் சக்கரத்தின் பக்கம் திரும்ப வேண்டும். டயரின் இரைச்சல் என்று எண்ணிப் பலரும் மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். ஆனால் டயரின் இரைச்சல் தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறும்போது மாறிவிடும். சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் வீல் பேரிங்கின் முனகல் சாலை மாறினாலும் மாறாது, வேகத்தோடு மட்டுமே ஏறி இறங்கும்.

ஒரு டன் எடையுள்ள சிறிய காரில் ஒவ்வொரு சக்கரமும் சராசரியாக 250 கிலோவைச் சுமக்கிறது. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே உருளும் எஃகுக் குண்டுகளின் வழியாகத்தான் அந்தச் சுமை தரைக்கு இறங்குகிறது. குண்டும் வளையமும் தொட்டுக்கொள்ளும் இடம் மிகமிகச் சிறியது என்பதால், அங்கே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேல் அழுத்தம் விழக்கூடும். இத்தகைய தொடுகையை 1880-களில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கைத் தொடர்ந்தால், உலோகத்தை அறுக்க முனையும் தகைவு மேற்பரப்பில் அன்று, அதற்குச் சற்றுக் கீழேதான் உச்சம் அடைகிறது என்பது விளங்கும். ஆகவே நல்ல கிரீஸில் ஓடும் பேரிங் தேய்கிறது என்பதைவிடக் களைக்கிறது என்பதே பொருத்தம்: கோடிக்கணக்கான உருளல்களுக்குப் பின் உள்ளே நுண்விரிசல் பிறந்து, மேலே வந்து, உலோகம் செதிலாக உதிர்கிறது. அறுத்துப் பிரித்த ஒரு பேரிங்கில், கண்ணாடிபோல் பளபளத்த வளையத்தின் ஓரிடத்தில் மட்டும் கடுகளவு குழி இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நகத்தால் தடவினால் சொரசொரத்தது. அந்த ஒரு குழியே முனகலுக்குப் போதும்.

சுமை இரட்டித்தால் குண்டு பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். அதற்கு நிகரான கேட்டை மழைக்காலத் தண்ணீரும் செய்கிறது: சூடேறிய ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் என்னும் ரப்பர் தடுப்பைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

எந்தச் சக்கரம் என்று கண்டறியவும் சுமையையே கருவியாகக் கொள்ளலாம். ஆளில்லாத சாலையில் சீரான வேகத்தில் ஸ்டீயரிங்கை இலேசாக இடப்பக்கம் திருப்பினால் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்கே காரணம். பின்னர் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்கையும், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் போன்ற சஸ்பென்ஷன் மூட்டுகளையும் ஐயுற வேண்டும். ஆட்டம் இல்லாததாலேயே பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. ஆட்டம் வருவதற்கு நெடுநாள் முன்பே முனகல் வந்துவிடும். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு மறு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்தால், காதுக்கு எட்டாத சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும்.

போல்ட் போட்டு மாட்டும் ஹப் வகையில் மாற்றுவது எளிது. நக்கிளுக்குள் (ஹப்பைத் தாங்கும் உலோகப் பகுதி) இறுக்கி அமர்த்தும் வகைக்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, அழுத்தும் விசை எந்த வளையத்தின் வழியாகப் போகிறது என்பதே. நக்கிளுக்குள் செலுத்தும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். ஹப்பைச் செலுத்தும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். தவறினால் முழு விசையும் குண்டுகளின் வழியே பாய்ந்து வளையத்தில் பள்ளம் பதிக்கும்; புத்தம்புதிய பேரிங் முதல் நாளே முனகும். பழையதைக் கழற்றும்போது விசை பெரும்பாலும் குண்டுகளின் வழியேதான் போகிறது என்பதால், கழற்றிய பேரிங்கை மறுபடி பொருத்தவே கூடாது. ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரத்தின் வேகத்தைச் சென்சாருக்குக் காட்டும் காந்த வளையம் உள்ள பேரிங்கை உள்பக்கம் வெளிப்பக்கமாக மாற்றிப் போட்டால் சென்சாருக்கு எதுவும் தெரியாமல் எச்சரிக்கை விளக்கு எரியும்.

இறுதியாக, அச்சு நட்டைப் புதிதாகப் போட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். இரு பாதிகளாக இருக்கும் உள்வளையத்தைச் சேர்த்துப் பிடிப்பது அந்த நட்டுதான். அது இறுகும் முன் காரின் பாரம் சக்கரத்தின் மேல் இறங்கக் கூடாது.