முதுகெலும்பு: ஒரு சொல், மூன்று பொருள்

"விவசாயம் நாட்டின் முதுகெலும்பு" என்று கட்டுரைப் போட்டியில் எழுதாத பிள்ளை தமிழ்நாட்டில் அபூர்வம். "முதுகெலும்பு இல்லாத ஆள்" என்று எதிரியைச் சாடாத மேடைப் பேச்சாளரும் அபூர்வம். முதல் வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்குத் தாங்குவது என்று பொருள். இரண்டாவதில் துணிவு, தன்மானம் என்று பொருள். உடம்புக்குள் இருக்கும் உறுப்பையும் சேர்த்தால் மூன்று. இந்த மூன்றில் எது நமக்குச் சொந்தம், எது பின்னால் வந்து சேர்ந்தது என்று பார்க்கலாம்.

முதலில் சொல். முதுகு, எலும்பு இரண்டும் சேர்ந்த எளிய கூட்டுச்சொல் இது. முதுகைக் குறிக்கத் தமிழில் இன்னொரு பழைய சொல் இருந்தது, வெரிந். அதன் சுருங்கிய வடிவம் வெந். தொல்காப்பியக் கணக்கில், தமிழில் ந் என்ற ஒற்றில் முடியும் சொற்கள் வெரிந், பொருந் என இரண்டே இரண்டு. அதனால் வெரிந் வேறு சொல்லோடு சேரும்போது என்ன ஆகும் என்று சொல்ல, அந்த நூல் தனி நூற்பாவே வைத்திருக்கிறது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் ஓணானை "வேதின வெரிநின் ஓதிமுது போத்து" என்கிறார். வேதினம் என்றால் பல்வைத்த கருக்கரிவாள். அரிவாளின் பற்களைப் போல முதுகில் முட்கள் வரிசையாகச் சிலிர்த்து நிற்கும் கிழ ஓணான். வெயிலில் வேலிக்கம்பில் ஓணான் உட்கார்ந்திருப்பதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வரி எவ்வளவு துல்லியம் என்று தெரியும்.

நம் பேச்சில் வெரிந் வழக்கொழிந்துவிட்டது. அக்கம்பக்கத்து மொழிகள் அதை விடவில்லை. கன்னடத்தில் முதுகு பென்னு, முதுகெலும்பு பென்னெலுபு. தெலுங்கில் முதுகு வென்னு, முதுகெலும்பு வென்னெமுக. இரண்டுக்குள்ளும் இருப்பது நம் வெந்தான். மலையாளம் வேறு வழியில் போய் நட்டெல்லு என்கிறது.

தமிழுக்குள்ளேயே இன்னும் சில பெயர்கள் உண்டு. முதுகந்தண்டு, முதுகுத்தண்டு, முள்ளந்தண்டு. சித்தர் மரபிலும் யோக மரபிலும் வீணாதண்டு என்பார்கள். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது முள்ளந்தண்டு. மெலிந்த ஒருவரின் முதுகில் நடுக்கோட்டில் விரலை ஓட்டினால் மேடுமேடாகத் தட்டுப்படுகிறதே, அவை ஒவ்வொரு எலும்பின் பின்பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள். அதைத்தான் முள் என்றார்கள். மீனைச் சாப்பிடும்போது நடுமுள் என்று சொல்லி எடுத்துப் போடுகிறோமே, அதுவும் மீனின் முதுகெலும்புதான். லத்தீன்காரர்களுக்கும் இதே எண்ணம் தோன்றியிருக்கிறது. அவர்கள் முதுகெலும்புக்கு வைத்த ஸ்பைனா என்ற சொல்லுக்கும் முள் என்றுதான் பொருள். ஒன்றை ஒன்று பார்த்து எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தொட்டுப் பார்த்த கைகள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி உணர்ந்திருக்கின்றன.

முதுகெலும்பு என்ற சொல் ஒருமையாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்பவருக்கு அது கழுத்திலிருந்து இடுப்புவரை போகும் ஒரே நீள எலும்பு என்று தோன்றிவிடும். உண்மையில் மனிதருக்கு அது 33 எலும்புகளின் அடுக்கு: கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, கடைசியில் வால் இருந்த இடத்தில் பெரும்பாலும் 4. கீழே உள்ள இரண்டு தொகுதிகளும் வளர வளர ஒட்டி இரண்டு எலும்புகளாகிவிடுவதால், பெரியவர்களுக்கு மொத்தம் 26. இந்த அடுக்கில் உள்ள ஒவ்வொன்றையும் முள்ளெலும்பு என்றும், முழு அடுக்கையும் முதுகெலும்புத் தொடர் அல்லது முள்ளந்தண்டு என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருப்பதைத்தான் மருத்துவர்கள் டிஸ்க் என்கிறார்கள், நம் வீடுகளில் "ஜவ்வு விலகிடுச்சு" என்கிறோம். அது பகலெல்லாம் உடல் எடையில் அமுங்கி, இரவு படுத்திருக்கும்போது மறுபடி நீரை உறிஞ்சி உப்பும். காலையில் நாம் சற்று உயரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. செய்திகளில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். தண்டுவடம் என்பது மூளையிலிருந்து இறங்கி, முள்ளெலும்புகளின் நடுத்துளை வழியாகப் போகும் நரம்புத் திரள். இலங்கையில் அதற்கு முண்ணாண் என்று அழகான பெயர் உண்டு, முள்ளுக்குள் ஓடும் நாண். பெரியவர்களுக்கு இது இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பிழைகள் மட்டுமே தொங்கும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது அந்த இடத்துக்குக் கீழாகப் பார்த்துப் போடுவது இதனால்தான். "தண்டுவடத்திலேயே குத்திவிடுவார்களோ" என்று பயப்படுகிற பெண்களுக்கு யாராவது இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

சரி, விலங்குகளுக்கு வருவோம். பாலூட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கழுத்தெலும்பு ஏழுதான். எலிக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு. எண்ணிக்கை கூடவில்லை, ஒவ்வொன்றும் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். தவளைக்கு மொத்தத் தொடரே பத்துக்குள் அடங்கிவிடும். பாம்புக்கோ இருநூறு, முந்நூறு என்று போகும்.

உயிர்களை முதுகெலும்பை வைத்து இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் ரொம்பப் பழையதல்ல. அரிஸ்டாட்டில் இரத்தம் உள்ளவை, இல்லாதவை என்று பிரித்தார். அவர் சொன்ன இரத்தம் சிவப்பு இரத்தம் என்பதால் பெரும்பாலும் அதே கோடுதான் விழுந்தது. எலும்பைப் பிரிவின் பெயராக்கியவர் பிரான்சின் லமார்க். 1793இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிகளும் புழுக்களும் அவர் பொறுப்பில் வந்தன. யாரும் பெரிதாக மதிக்காத துறை. அவர் அதில் மூழ்கி, 1801இல் முதுகெலும்பற்ற விலங்குகளுக்கென்றே தனி நூல் வெளியிட்டார்.

தமிழில் தொல்காப்பியத்தின் மரபியல் அறிவை அளவாக வைத்துப் பிரிக்கிறது. நந்தும் (நத்தை) முரளும் (சிப்பி) ஈரறிவு, சிதலும் (கறையான்) எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்குகள் ஐயறிவு. நான்கறிவு வரை அது பெயர் சொல்லும் உயிர்கள் எல்லாமே, இன்றைய கணக்கில், முதுகெலும்பு இல்லாதவை. தொல்காப்பியர் எலும்பை நினைத்துப் பிரித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணால் கண்டதை வைத்துப் போட்ட கோடு இப்படிப் பொருந்தி வருவது வியப்பாகத்தான் இருக்கிறது.

இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முதுகெலும்பிகள், முதுகெலும்பற்றவை என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் முள்ளந்தண்டுளிகள், முள்ளந்தண்டிலிகள் என்கின்றன. எது சரியான தமிழ் என்று கேட்டால், என் ஓட்டு இலங்கைக்கு. சுறாமீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடலில் எலும்பே கிடையாது, முழுக்கக் குருத்தெலும்பு. ஆனாலும் அது இந்தப் பெரும்பிரிவைச் சேர்ந்ததுதான். எலும்பில்லாத சுறாவை முதுகெலும்பி என்று அழைப்பது இடிக்கிறது. தண்டு அதற்கு உண்டு, ஆகவே முள்ளந்தண்டுளி என்றால் இடிக்காது.

உயிர் வளர்ச்சியும் இதையே காட்டுகிறது. எலும்பு வருவதற்கு முன்னால் இருந்தது முதுகுநாண் என்ற வளையும் கம்பி. தாயின் வயிற்றில் நமக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பிறகு அதைச் சுற்றி முள்ளெலும்புகள் உருவாகின்றன. அசிடியன் என்ற கடலுயிருக்குக் குஞ்சாக நீந்தும் பருவத்தில் வாலில் முதுகுநாண் இருக்கும். பாறையில் ஒட்டி உட்கார்ந்ததும் அதை இழந்துவிடும். சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கிடைத்த, 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஹைக்கௌஇக்திஸ் என்ற சின்னஞ்சிறு மீன் புதைபடிவத்தில் முள்ளந்தண்டின் தொடக்கச் சுவடுகள் தெரிகின்றன.

இனி உருவகம். ஆங்கிலத்தில் முதுகெலும்பு துணிவைக் குறிக்கத் தொடங்கி 19ஆம் நூற்றாண்டில் பரவியது. தமிழில் "முதுகெலும்பில்லாதவன்" என்ற வசை அந்த வழியில் வந்தது என்றே நான் கொள்கிறேன். ஏனென்றால் பழைய தமிழில் துணிவின் இருப்பிடம் முதுகு இல்லை, மார்பு. மார்பில் வாங்கிய புண் விழுப்புண். அது படாத நாளெல்லாம் வீணான நாள் என்று வீரன் கணக்கிடுவான் என்கிறது குறள். முதுகோ வெட்கத்தின் இடம். புறமுதுகிடுதல், புறங்கொடுத்தல், முதுகு காட்டுதல் எல்லாம் தோற்று ஓடுவதைச் சொல்பவை. நாம் இழந்துவிட்டதாகச் சொன்ன வெந் கூட, வெந்நிடுதல் என்று இதே பொருளில்தான் இலக்கியத்தில் வருகிறது.

வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பைத் துளைத்து முதுகில் வெளிவந்தது என்பார்கள். அவன் ஓடவில்லை. இருந்தும் முதுகில் புண் என்று ஆகிவிட்டதே என்று நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். வெண்ணிக் குயத்தியார் கரிகாலனிடமே கேட்கிறார், "நின்னினும் நல்லன் அன்றே" என்று. வென்றவனின் முகத்துக்கு நேரே தோற்றவன் உன்னைவிட நல்லவன் என்று சொல்லும் நெஞ்சம் ஒரு புலவருக்கு இருந்திருக்கிறது. அந்தத் துணிவுக்கு அன்று எலும்பின் பெயர் தேவைப்படவில்லை. புறநானூற்றில் வரும் முதிய தாயும் அப்படித்தான். மகன் புறமுதுகிட்டான் என்று ஊர் சொல்ல, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டுகிறாள். சிதைந்து கிடந்த மகன் உடலைக் கண்டு, பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்கிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாட்டு அது. படிக்கும்போது இன்றும் உடல் நடுங்குகிறது.

எலும்பில்லாமை என்ற உருவகம் தமிழுக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. "என்பி லதனை வெயில்போலக் காயுமே அன்பி லதனை அறம்" என்கிறார் வள்ளுவர். என்பு என்றால் எலும்பு. எலும்பில்லாத புழுவை வெயில் வாட்டுவதுபோல, அன்பில்லாத உயிரை அறம் வாட்டும். ஆங்கிலேயருக்கு எலும்பில்லாதவன் கோழை. வள்ளுவருக்கு எலும்பில்லாத உயிரோடு ஒப்பிடத் தக்கவன் அன்பில்லாதவன். இதைப் பள்ளிகளில் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

உறுப்பின் பக்கமிருந்து பார்த்தாலும் அந்த வசை சரியாகப் பொருந்தவில்லை. உலகில் உள்ள விலங்கினங்களில் நூற்றுக்கு 95க்கும் மேல் முதுகெலும்பு இல்லாதவை. புற்றைக் காக்க உயிர்விடும் எறும்பும் கொட்டிவிட்டுச் சாகும் தேனீயும் அவற்றில் அடக்கம். அப்புறம், "முதுகெலும்பு நேராக இருக்கணும்" என்கிறோமே, பக்கவாட்டில் பார்த்தால் நலமான மனித முதுகெலும்பு நேராக இருக்காது. கழுத்தில் முன்னோக்கி, மார்பில் பின்னோக்கி, இடுப்பில் மறுபடி முன்னோக்கி வளைந்திருக்கும். குழந்தை தலை நிற்கும்போது ஒரு வளைவும், எழுந்து நடக்கும்போது இன்னொன்றும் உருவாகின்றன. அதிர்ச்சியைத் தாங்குவதே இந்த வளைவுகள்தான். முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இறுகி வளையாமல் போவது ஒரு நோய், மிகுந்த வலி தரும் நோய்.

ஆக, தமிழில் எழுதும்போது என்ன செய்யலாம்? தாங்குவது என்ற பொருளுக்கு நம்மிடம் ஆணியும் அச்சாணியும் இருக்கின்றன. "உழுவார் உலகத்தார்க்கு ஆணி" என்று கட்டுரைப் போட்டிப் பிள்ளைக்கு வேண்டிய வரியையே வள்ளுவர் எழுதி வைத்திருக்கிறார். துணிவு என்ற பொருளுக்கு நெஞ்சுரம், திண்மை. "நெஞ்சில் உரமுமின்றி நேர்மைத் திறமுமின்றி" என்று பாரதி பாடியது இன்றைக்கு முதுகெலும்பில்லாதவர் என்று நாம் திட்டும் அதே ஆட்களைத்தான். முதுகெலும்பு என்ற உருவகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அது வேரூன்றிவிட்டது, பேச்சில் இருக்கட்டும். எழுத்தில், மேடையில், பாடத்தில் உரம் என்ற சொல்லும் ஆணி என்ற சொல்லும் அதன் பக்கத்திலாவது வர வேண்டும். உறுப்பைச் சொல்லும்போது தொடருக்கு முள்ளந்தண்டு, ஒவ்வொன்றுக்கும் முள்ளெலும்பு, உள்ளே ஓடும் நரம்புக்குத் தண்டுவடம் அல்லது முண்ணாண்.