வெளியே கீறல், உள்ளே கிழிந்த மூச்சுக்குழல்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையில், வயலோரம் மேயும் மாட்டின் கயிறு குறுக்கே விறைத்து நிற்பதை அந்தி மங்கலில் காணாமல் பைக்கில் வருபவரின் கழுத்தில் அது பாய்ந்தால், தோலில் ஒரு சிவந்த கோடு மட்டுமே தெரியலாம். உள்ளேயோ குரல்வளை நொறுங்கி, மூச்சுக்குழல் அதிலிருந்து அறுந்தே போயிருக்கலாம். தாடையும் மார்பெலும்பும் கழுத்தின் முன்பக்கத்தை ஓரளவு காக்கின்றன என்றாலும், தலை பின்னால் சாய்ந்த நொடியில் அந்தக் காப்பு இல்லாமல் போகிறது. முன்னிருந்து வரும் அடி குருத்தெலும்பை முதுகெலும்போடு சேர்த்து நசுக்கிவிடுகிறது.

குரல் கம்முதல், மூச்சை இழுக்கையில் சீழ்க்கை போன்ற ஒலி, இருமலில் இரத்தம், விழுங்கும்போது வலி ஆகியவை எச்சரிக்கைகள். மூச்சுக்குழலிலிருந்து கசியும் காற்று தோலுக்கடியில் பரவியிருந்தால், விரல் பட்ட இடம் பொரி நொறுங்குவதுபோல் நறநறக்கும். என் பார்வையில், அடிபட்டவரிடம் நாலு வார்த்தை பேச்சுக் கொடுத்து அவர் குரலைக் கேட்பதே முதல் பரிசோதனை. ஆனால் குரல் தெளிவாக இருப்பதாலேயே காயமில்லை என்று முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் வீக்கம் சில மணி நேரத்திலும் கூடும்.

மூச்சு நிலையாக இருப்பவருக்கு மூக்கு வழியே வளையும் கேமராக் குழாயைச் செலுத்திக் குரல்நாண்களைப் பார்த்த பின், சி.டி. ஸ்கேனில் குருத்தெலும்பு முறிவைத் தேடுவார்கள். மூச்சுக்குழலின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் இருப்பதால் அதையும் சோதிக்க வேண்டும். மார்பில் பலமாக அடிபட்டவருக்கு, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து 2.5 செ.மீ. தொலைவுக்குள்தான் பெரும்பாலும் கிழிகிறது. நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்றை வெளியேற்ற மார்பில் வடிகுழாய் போட்ட பிறகும் காற்று ஓயாமல் குமிழியிட்டுக்கொண்டிருந்தால், குழல் கிழிந்திருக்கும் என்ற ஐயம் வலுக்கிறது.

சிகிச்சையில் மிகக் கடினமான கட்டம், செயற்கைச் சுவாசக் குழாயை உள்ளே செலுத்துவதே. உட்புறத்தைப் பார்க்காமல் அழுத்திச் செலுத்தினால், பாதி கிழிந்திருந்த குழல் முழுவதும் அறுந்து, கீழ்முனை மார்புக்குள் இறங்கிவிடக்கூடும். மயக்க மருந்தால் கழுத்துத் தசைகள் தளர்ந்தாலும், அதுவரை குழலைத் தாங்கிய பிடி நழுவலாம். ஆகவே பலருக்கு விழிப்பு நிலையிலேயே, கழுத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, காயத்துக்குக் கீழே துளையிட்டுக் குழாய் பொருத்துகிறார்கள். தகுந்தவர்களுக்கு, கேமராவில் பார்த்தபடியே குழாயின் நுனியைக் கிழிசலுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். லேசான காயங்களுக்கு ஈரக்காற்றும், தலையை உயர்த்திய படுக்கையும், பேசாதிருத்தலும், ஒரு நாளுக்குக் குறையாத கண்காணிப்பும் பெரும்பாலும் போதும்.

உட்கார்ந்து முன்னால் குனிந்தபடி மூச்சு வாங்குபவரை, ஆம்புலன்ஸ் வரும்வரை வற்புறுத்திப் படுக்க வைக்கக் கூடாது. கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்பதால் தலையைத் திருப்பவும் கூடாது. 108-ஐ அழைக்கும்போதே கழுத்தில் அடி என்றும் குரல் மாறிவிட்டது என்றும் சொல்லிவிட்டால், கேரளத்தின் புனலூரா தமிழகத்தின் தென்காசியா என்று மாநில எல்லையைப் பார்த்து முடிவெடுக்காமல், காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் அந்நேரத்தில் இருக்கும் மருத்துவமனைக்கே வண்டியைத் திருப்ப முடியும்.