ரூபிஸ்கோ: பெயரின் பின்பாதி

இலையின் ஒளிச்சேர்க்கையில் வேலைசெய்யும் நொதி ரூபிஸ்கோ. பதினோராம் வகுப்புத் தாவரவியலில் இந்தப் பெயரை முதன்முதலாகப் படித்தபோது ஏதோ பிஸ்கட் கம்பெனி போல இருக்கிறதே என்று தோன்றியிருந்தால், தோன்றியது சரிதான். 1979-இல் கலிபோர்னியாவில் சாம் வைல்ட்மேனின் பணி ஓய்வையொட்டி நடந்த கருத்தரங்கில் டேவிட் ஐசன்பெர்க் கேலியாக வைத்த பெயர் அது. புகையிலை இலையிலுள்ள இந்தப் புரதத்தைச் சாப்பிடும் பண்டமாக்க வைல்ட்மேன் முயன்றுகொண்டிருந்தார். நபிஸ்கோ என்னும் பிஸ்கட் நிறுவனத்தின் பெயரை ஒலிக்கவிட்டு அவரைச் சீண்டினார் ஐசன்பெர்க். கேலி நிலைத்துவிட்டது.

விரித்தால், ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் கார்பாக்ஸிலேஸ்/ஆக்சிஜனேஸ். 'பிஸ்' என்றால் லத்தீனில் இருமுறை, இரண்டு பாஸ்பேட். ரிபுலோஸ் என்ற சர்க்கரைப் பெயரின் மூலம் ரிபோஸ். அதுவோ வேலம்பிசினில் கிடைக்கும் அராபினோஸ் என்ற சர்க்கரையின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கிய பெயர். 'ஏஸ்' என்று முடிந்தால் நொதி.

நொதி நல்ல சொல். என்சைம் என்ற கிரேக்க வழிச் சொல்லுக்குப் 'புளித்த மாவுக்குள் இருப்பது' என்று பொருள். இட்லி மாவு ராத்திரியில் நொதித்துப் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் இது நொதியம். நம் ஒளிச்சேர்க்கை அங்கே ஒளித்தொகுப்பு. சர்க்கரையைத் தொகுக்கும் வேலை என்பதால் அவர்கள் சொல்தான் பொருத்தம் என்பேன்.

கார்பாக்ஸிலேஸை மட்டும் பார்த்துக் 'கரியேற்றி' என்று தமிழாக்கத் தோன்றும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ரிபுலோஸ் சர்க்கரையில் ஏற்றுவதுதானே அதன் வேலை? ஆனால் அது பாதிப் பெயர். இதே நொதி கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனையும் பிடித்து ஏற்றிவிடும் என்பது 1971-இல் தெரிந்தது. நாலைந்து முறைக்கு ஒரு முறை இந்தத் தவறு நடக்கிறது. விளைந்த கழிவைச் சரிசெய்யச் செடி ஆற்றலைச் செலவழித்து, ஏற்றிய கரியில் கொஞ்சத்தையும் இழக்கிறது. இதுதான் ஒளிச்சுவாசம். போதாக்குறைக்கு நொதி படுமந்தம்: ஒரு நொடிக்குச் சில மூலக்கூறுகள்தான். அதனால் இலையில் கரையும் புரதத்தில் பாதிவரை இதையே குவித்து வைத்துச் சமாளிக்கின்றன நெல், கோதுமை போன்ற செடிகள்.

விளைச்சலைக் கூட்ட மரபணுவை மாற்றுகிறவர்கள் மோதிக்கொள்வதும் ஆக்சிஜனேஸ் என்ற இந்தப் பின்பாதியோடுதான். நொதியின் பெரிய துண்டுக்கான மரபணு பசுங்கணிகத்திலும் சின்னத் துண்டுக்கானது உட்கருவிலும் இருப்பதால் கைவைப்பதே சிரமம். 2014-இல் புகையிலையின் பெரிய துண்டு மரபணுவை எடுத்துவிட்டு, நீலப்பச்சைப் பாசியின் வேகமான ரூபிஸ்கோவைப் பொருத்திப் பார்த்தார்கள். செடி வளர்ந்தது, ஆனால் கரியமில வாயு மிகுந்த அறைக்குள் மட்டும். அந்த நொதிக்கு வேகம் உண்டு, ஆக்சிஜனை விலக்கத் தெரியாது. பாசியின் உடலில் அதைச் சுற்றிக் கரியமில வாயுவைச் செறித்துத் தரும் கூடு உண்டு, புகையிலையில் இல்லை.

நொதியை மாற்றாமல் அளவை மட்டும் கூட்டியவர்களுக்குப் பலன் கிடைத்தது. ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகக் குழு, ரூபிஸ்கோவை மிகுதியாகச் செய்யும் நெல்லைச் சோதனை வயலில் நட்டு, போதிய தழைச்சத்து இட்டபோது 28 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் கண்டதாக 2020-இல் அறிவித்தது. அமெரிக்காவில் இன்னொரு குழு நொதியைத் தொடவே இல்லை. அது செய்த தவறைக் குறைந்த செலவில் துடைக்கும் குறுக்குவழி ஒன்றைப் புகையிலைக்குள் அமைத்தது. வயலில் செடியின் எடை சுமார் 40 சதவீதம் கூடியது. 2019-இல் வெளியான முடிவு.

ஆக, தமிழ்ப்பெயரில் ஆக்சிஜனை விட்டுவிட்டால் இந்த முயற்சிகள் எதற்கென்றே புரியாது. 'கரியேற்று-உயிர்வளியேற்று நொதி' என்பது என் பரிந்துரை. நீளம்தான், கட்டுரையில் ஒருமுறை எழுதிவிட்டு மற்ற இடங்களில் ரூபிஸ்கோ என்றே போடலாம். சொல்முதலில் ரகரம் வராதென்று 'உரூபிசுக்கோ' என எழுதுகிறவர்களும் இருக்கலாம். இலக்கணம் தப்பிக்கும், பிஸ்கட் போய்விடும்.