பிளேட்லெட் குறைவதும் மண்ணீரலில் பாதியை அடைப்பதும்

நோயாளி நீட்டிய ரத்தப் பரிசோதனைத் தாளில், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையான 38,000-ஐச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் அழுத்தி வட்டம் போட்டிருந்தது. போட்டது அவருடைய மகள். "இதை மட்டும் ஏத்திக் கொடுங்க டாக்டர்" என்றார். நோயாளிக்குக் கல்லீரல் சுருக்கம். கல்லீரலில் சின்னதாக ஒரு கட்டியும் வந்திருந்தது. அதற்கான மருந்தைத் தொடங்க விடாமல் அந்த 38,000 குறுக்கே நின்றது.

பிளேட்லெட் குறைந்தால் எலும்பு மஜ்ஜையில்தான் கோளாறு என்று பலரும் நினைக்கிறார்கள். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் மண்ணீரல்தான் காரணம். மண்ணீரலிலிருந்து கிளம்பும் ரத்தம் கல்லீரலைத் தாண்டித்தான் இதயத்துக்குப் போக வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் ரத்தம் பின்னாலேயே தேங்கும். 150, 200 கிராம் இருக்க வேண்டிய மண்ணீரல் பல மடங்கு வீங்கிவிடும். நல்ல உடம்பிலேயே மூன்றில் ஒரு பங்கு பிளேட்லெட் மண்ணீரலில்தான் தங்கியிருக்கும். வீங்கிய மண்ணீரலோ பெரும்பகுதியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பை பையாக ஏற்றினாலும் எண்ணிக்கை நிற்காமல் போவது இதனால்தான்.

இதற்கு நாங்கள் செய்வது பகுதி மண்ணீரல் எம்போலைசேஷன், அதாவது மண்ணீரலின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் அடைப்பது. தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, தமனி வழியாக மெல்லிய கத்தீட்டர் குழாயை மண்ணீரல் தமனி வரை கொண்டுபோவோம். சாயத்தைச் செலுத்தியதும் திரையில் மண்ணீரல் இலை அடர்ந்த மரம்போல விரியும். பிறகு மணல்போலப் பொடியான துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவோம். ஒவ்வொரு முறை சாயம் விட்டுப் பார்க்கும்போதும் ஒரு பக்கத்து இலைகள் காணாமல் போயிருக்கும், கிளை மட்டும் நிற்கும். எங்கே நிறுத்துவது என்பதுதான் இதில் கஷ்டமான தீர்மானம். பொதுவாகப் பாதியிலிருந்து 70 சதவீதத்துக்குள் அடைப்போம். நோய் முற்றியவர்களுக்கு இன்னும் குறைவாக, தேவைப்பட்டால் இரண்டு தவணையாகச் செய்வதே நல்லது என்பது என் அனுபவம்.

1973-இல் இந்தச் சிகிச்சை முதலில் வந்தபோது மண்ணீரல் முழுவதையும் அடைத்தார்கள். சீழ்க்கட்டி போன்ற கடுமையான சிக்கல்கள் வந்தன. 1979-இல் ஸ்பிகோஸ் என்ற மருத்துவரின் குழுவினர் ஒரு பகுதியை மட்டும் அடைத்து, கிருமி எதிர்ப்பு மருந்தும் கொடுத்துக் காட்டிய பிறகுதான் இது பாதுகாப்பான பாதைக்கு வந்தது. மிச்சம் விடும் பகுதி கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கும் வேலையைத் தொடரும். ஆனாலும் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசிகளை முடிந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டுவிடச் சொல்வேன்.

வீட்டில் உள்ளவர்களை அதிகம் பயமுறுத்துவது சிகிச்சைக்கு அடுத்த ஒரு வாரம்தான். இடது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், குமட்டல் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு வரும், தானே அடங்கும். ஆனால் அடங்கிய காய்ச்சல் குளிர் நடுக்கத்தோடு திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, வயிறு வீங்கினாலோ, கண் மஞ்சளானாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். சீழ்க்கட்டி, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ரத்தக்கட்டி, கல்லீரல் செயலிழப்பு எல்லாம் இப்படித்தான் தலைகாட்டும். வலிக்கிறதே என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடவே கூடாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் தூண்டும்.

எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் செய்யச் சொல்லி வருபவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 60,000 வைத்துக்கொண்டு ரத்தக்கசிவு எதுவுமின்றி நடமாடுபவருக்கு இது தேவையே இல்லை. ஒரே ஒரு சிகிச்சைக்காக மட்டும் எண்ணை உயர்த்த வேண்டுமென்றால் பிளேட்லெட்டை ஏற்றும் அவாட்ரோம்போபாக் போன்ற மாத்திரைகள் சிலருக்குப் போதும். கல்லீரல் மிகவும் தளர்ந்து, மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்கு ஆபத்தே அதிகம். இன்னொன்று, இது கல்லீரல் சுருக்கத்தைக் குணப்படுத்தாது.

சரி, அந்த மகளிடம் வருவோம். இந்தச் சிகிச்சை செய்து இரண்டு வாரம் கழித்து வந்த தாளில் 1,04,000. இந்த முறையும் வட்டம். இனி வரும் மாதங்களில் இது கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும், பதற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டிக்கான மருந்தை எந்த நாளில் தொடங்கலாம் என்று பேச ஆரம்பித்தோம்.